காப்பீட்டு ஒழுங்குமுறை, சுகாதாரக் கொள்கைப் பணிகள்: வாசகர் கேள்வி-பதில்

பி.காம் இறுதியாண்டு படிக்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறைத் துறையில் சேர டி.என்.பி.எஸ்.சி-யில் எந்த குரூப் எழுத வேண்டும்?
(கரூர் வாசகி)

எந்த குரூப்பும் இல்லை. காப்பீடு மத்திய அரசின் அதிகாரத்தில் வருவது. அதை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ ஹைதராபாத்தில் இருக்கிறது. ஆட்களை அவர்களே எடுக்கிறார்கள். உதவி மேலாளர் பதவிக்கு 2023-ல் 45 இடம், 2024-ல் 49 இடம், அதுவும் நாடு முழுமைக்கும். இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாக அதிகாரி (ஏ.ஓ) தேர்வையும் சேர்த்தே எழுதுங்கள். முதல்நிலைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஐஆர்டிஏ தேர்வு பாஸ் செய்து மூன்று வருடமாகிறது. ஐஆர்டிஏஐ வேலைக்கு நேரடியாக இன்டர்வியூ போகலாமா?
(திருப்பூர் வாசகர்)

நீங்கள் எழுதியது ஏஜென்ட் தேர்வு. பாலிசி விற்கத்தான் அது உதவும். இதே கேள்விக்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன். கையில் இருக்கும் சான்றிதழை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

சட்டம் முடித்திருக்கிறேன். ஐஆர்டிஏஐ உதவி மேலாளர் இரண்டாம் கட்டத் தேர்வுக்கு கோச்சிங் நோட்ஸ் போதும், விதிமுறைகளைப் படிக்க வேண்டாம் என்கிறார்கள். சரியா?
(திருநெல்வேலி வாசகர்)

சரியில்லை. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டாம் கட்டம் விரிவாக எழுதும் தேர்வு. காப்பீட்டைப் பாதிக்கும் பொருளாதார, சமூக விஷயங்களுக்கு ஒரு தாள். காப்பீடும் மேலாண்மையும் சேர்ந்து ஒரு தாள். நோட்ஸை மனப்பாடம் செய்தவரின் விடைத்தாள் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு அம்மா. மருத்துவக் காப்பீடு எடுத்து ஏழாவது வருடம், பிரீமியம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் நான்கு வரியில் நிறுவனத்தின் கடிதம்: இரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டீர்கள், கிளைம் நிராகரிக்கப்படுகிறது. கடிதம் என் கைக்கு வரும்போது அவர் வளையலை அடகு வைத்து பில் கட்டியிருந்தார். 2024-ல் வந்த ஐஆர்டிஏஐ விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் ஓடிய மருத்துவ பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையோ மறைத்தார் என்று சொல்லி கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது 8 வருடமாக இருந்தது. இந்த ஒரு விதியைக் காட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம், பணம் வந்தது. விதி தெரியாததால் அப்படியே விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

நாளை இப்படி ஒரு புகார் உங்கள் மேசைக்கு வரும். அன்றைக்கு நோட்ஸ் கைகொடுக்காது. இன்றே வீட்டில் இருக்கும் மருத்துவ பாலிசியை எடுங்கள். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பக்கத்தில் இருந்து தொடங்கி, அருகிலேயே ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நான். சுகாதாரக் கொள்கைப் பக்கம் போக ஆசை. வேலையை விட்டுவிடலாமா?
(தருமபுரி வாசகர்)

விடாதீர்கள். மாவட்ட அனுபவம் இல்லாதவர் எழுதும் கொள்கை காகிதத்தோடு நின்றுவிடும். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் எம்.பி.ஹெச் என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பு இருக்கிறது, விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் ஊர் ஆட்களில் யாருக்கு அட்டை இல்லை, ஏன் இல்லை என்று கணக்கெடுக்கத் தொடங்குங்கள். கொள்கை வேலை அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

மகள் பிளஸ் டூ. ஆக்சுவரி படித்தால் ஐஆர்டிஏஐ-யில் சேர முடியுமா?
(திருச்சி வாசகி)

முடியும், பொறுமை வேண்டும். ஆக்சுவரி என்றால் காப்பீட்டில் ஆபத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடுபவர். முதலில் அந்தப் படிப்புக்கான ஏசெட் நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தாலே எழுதலாம். ஐஆர்டிஏஐ-யின் ஆக்சுவரி பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 60 சதவீதமும், ஆக்சுவரி தாள்களில் ஏழு தேர்ச்சியும் கேட்டிருந்தார்கள். கணக்கில் உண்மையான ஈடுபாடு இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

ஐஆர்டிஏஐ-யில் ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் வேலை என்கிறார் ஒருவர்.
(பெயர் வேண்டாம்)

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலீஸில் சொல்லுங்கள்.

எனக்கு 31 வயது. ஐஆர்டிஏஐ உதவி மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா?
(சேலம் வாசகர்)

பொதுப் பிரிவுக்கு உச்சவரம்பு 30. ஓபிசி-க்கு 3 வருடம், எஸ்சி, எஸ்டி-க்கு 5 வருடம் தளர்வு உண்டு. நீங்கள் எந்தப் பிரிவு என்றே எழுதவில்லை. அறிவிக்கையில் வயதை எந்தத் தேதிக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.