பின் விளக்கும் ரதி வேஷமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தோட்டங்களில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் உங்களுக்கு எழுதும் தைரியம் வந்தது. என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம்.

எனக்கு 36 வயது. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே சேலை உடுத்துவதில் எனக்கொரு ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடுத்தினால் மனசு அடங்குகிறது, அவ்வளவுதான். மனைவிக்குத் தெரியும். முதலில் அழுதாள். இப்போது பிளவுஸ் அளவை அவளே சரிபார்த்துத் தருகிறாள். ஆனால் நாங்கள் இன்னும் லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அதனால் எனக்கு வாய்த்த தனியறை என் பழைய மாருதி கார்தான். மாதத்தில் ஒருநாள் ராத்திரி, ஆளில்லாத இடத்தில் நிறுத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு நுவரெலியா வரை ஓட்டிப் போய்த் திரும்புவேன். எங்கும் இறங்குவதில்லை. யாரையும் சந்திப்பதுமில்லை.

போன ஆடியில் ஒரு வளைவில் டோர்ச் அடித்து மறித்தார்கள். வலது பக்கப் பின் லைட் எரியவில்லையாம். ஒரு சார்ஜன்ட், கூட ஓர் இளம் கொன்ஸ்டபிள். சார்ஜன்ட் என் லைசனை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிலிருந்த அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தார். சிரித்தார். இறங்கச் சொன்னார். அந்தப் பனியில் ரோட்டோரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன வேலை, எங்கே போகிறாய், யார் கூப்பிட்டது என்று கேள்விமேல் கேள்வி. பயத்தில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "நாடகத்துக்குப் போறேன் சேர். காமன் கூத்து. நான்தான் ரதி." எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட்டின் முகமே மாறிவிட்டது. நல்ல வேஷம் என்று தோளில் தட்டினார். தன் போனில் என்னைப் படம் எடுத்தார். டிக்கட்டும் எழுதவில்லை.

லைசனைத் திருப்பிக் கொடுத்தது அந்தக் கொன்ஸ்டபிள். நம்ம பக்கத்துத் தமிழ்ப் பையன். குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "காமன் கூத்து மாசியிலதானே அண்ணே. பாத்துப் போங்க, கீழ பனி கூட."

அதற்குப் பிறகு காரை எடுக்கவே இல்லை. நான் செய்தது குற்றமா? அந்தப் படம் தோட்டத்துக்கு வந்துவிடுமா? என் அப்பா காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடித்தவர். ரதியை வைத்துப் பொய் சொல்லிவிட்டேனே என்று நெஞ்சு உறுத்துகிறது. நான் திருநங்கை இல்லை, அண்ணா. அந்த மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆம், குற்றம் ஒன்று செய்திருக்கிறீர்கள். பின் லைட் இல்லாமல் மலைப் பாதையில், இரவில், பனியில் கார் ஓட்டியிருக்கிறீர்கள். பின்னால் கொழுந்து லொறி ஏதாவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டப்படி சார்ஜன்ட் தண்டப் பத்திரம் எழுத வேண்டியது அதற்குத்தான். அதை மட்டும் அவர் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

சேலைக்கு வருவோம். ஆண் சேலை உடுத்தக் கூடாது என்று இலங்கையில் சட்டம் கிடையாது. ஆனால் பொலிஸார் பிடிக்க நினைத்தால் கையில் எடுக்கும் சில பழைய சட்டங்கள் உண்டு. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் விவரமாகவே இருக்கிறது. ஒன்று, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 399ஆம் பிரிவு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. அதற்கு முதலில் யாரையாவது ஏமாற்றியிருக்க வேண்டும். நீங்கள் நீட்டியது உங்கள் லைசன், அதில் உங்கள் படம், உங்கள் இலக்கம். யாரை ஏமாற்றினீர்கள்? இன்னொன்று 365ஏ. அது ஆட்களுக்கிடையிலான பாலியல் செயலைப் பற்றியது. அந்தப் பிரிவே தேவையா என்பது வேறு பெரிய வழக்கு. 2023 மே மாதத்தில், அதைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியது. எப்படியிருந்தாலும் உடையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது, ஊர் சுற்றித் திரிவோருக்கென்று வெள்ளைக்காரன் 1841இல் போட்ட கட்டளைச் சட்டம். வேகரன்ட்ஸ் ஓர்டினன்ஸ் என்பார்கள். திருநங்கைகளையும் பாலியல் தொழில் செய்பவர்களையும் பிடிக்க இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலத்துச் சட்டம் அது. ஊர் சுற்றுகிறவர் யார் என்று அன்று தேடியிருந்தால் நம் பூட்டன்மாரில் பாதிப்பேர் அகப்பட்டிருப்பார்கள். சொந்தக் காரில், லைசனோடு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அதற்குள் எப்படி வருவார் என்று எனக்கு விளங்கவில்லை.

சார்ஜன்ட் ஏன் இலக்கத்தைப் பார்த்துச் சிரித்தார் தெரியுமா? நம் அடையாள அட்டை இலக்கத்திலேயே பால் இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பதைக் காட்டும். பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். உங்கள் சார்ஜன்ட் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர்கள் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்வதற்கு 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை மூலம் வழி வைத்தது. அதற்கு முன்பெல்லாம் வங்கியில், ஆஸ்பத்திரியில், இப்படி ரோட்டில், ஒவ்வொரு கவுண்டரிலும் அந்த மூன்று இலக்கம் அவர்களைக் காட்டிக்கொடுத்தபடி இருந்தது.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்கிறேன், கோபிக்க வேண்டாம். 'நான் திருநங்கை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இல்லை. ஆனால் 'அந்த மாதிரி ஆள்' என்ற சொல் எதற்கு? நீங்கள் ஒரு ராத்திரி, கால் மணி நேரம் நின்ற இடத்தில் அவர்கள் பகலில், பஸ் ஸ்டாண்டில், ஆட்கள் பார்த்திருக்க நிற்கிறார்கள். காமன் கூத்து என்று சொல்லித் தப்ப அவர்களுக்கு வழியில்லை. அவர்களிடமிருந்து தள்ளி நின்றால் சார்ஜன்ட் உங்களைக் கூடுதலாக மதிப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் சிரித்தபோது உங்களைப் பிரித்துப் பார்த்தா சிரித்தார்?

பொய்க்கு வருகிறேன். உங்களுக்கு உறுத்துவது அதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் இருந்தார். மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பத்தை ஊன்றி, காப்புக் கட்டிவிட்டால் அவர் விரதம். கவிச்சி கிடையாது, தனிப்பாய், தனித்தட்டு. லயத்துப் பெண்கள் முறை வைத்துத் தலை பின்னிவிடுவார்கள். என் அம்மா தன் கலியாணச் சேலையை எடுத்துக் கொடுப்பார், அதுவும் கேட்காமலே. எங்களுக்குத் தராத சேலை அது, பெட்டியைத் தொட்டாலே அடி விழும். ராத்திரி அவர் ஆடி வரும்போது கிழவிகள் காலில் விழுவார்கள். பௌர்ணமியில் காமனை எரித்த பிறகு அவர் வைக்கும் ஒப்பாரிக்கு மொத்தத் தோட்டமும் அழும். ஒருமுறை பக்கத்து டிவிஷனுக்குக் கூத்துக்காரர்கள் லொறியில் போகும்போது பொலிஸ் மறித்திருக்கிறது. முன் சீட்டில் ரதி, ஒப்பனையோடு. டோர்ச்சை அணைத்துவிட்டுக் கும்பிட்டு அனுப்பினார்களாம். இதை அவரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

பங்குனி பிறந்ததும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதே ஆட்கள் அவர் நடையை நடந்து காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். சேலை உடுத்திய ஆணைப் பார்க்க நம் ஊருக்குத் தெரியாமலில்லை. வருடா வருடம் பார்த்து, அழுது, கும்பிட்ட ஊர் இது. அதற்கு ஒரு மாதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அந்த மாசியை ஆடியில் கால் மணி நேரம் கடன் வாங்கியிருக்கிறீர்கள். ரதி இதற்குக் கோபிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. புருஷனைக் கண்முன்னே எரியக் கொடுத்துவிட்டு நின்றவள், ரோட்டோரத்தில் ஒருத்தர் நடுங்கி நின்றால் அவளுக்குத் தெரியாதா? உங்கள் அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று நீங்கள்தான் அறிவீர்கள். ஆனால் தப்பு அடித்தவர் எத்தனை வருடம் ஒரு சேலை கட்டிய ஆம்பளையின் காலுக்குத் தாளம் போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு முறை பொய் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது பாவம் என்பதற்காக இல்லை. எந்தத் தோட்டம், யார் வாத்தியார், எத்தனை மணிக்குக் கூத்து என்று அவர் அடுத்த கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பீர்கள். அப்போது அந்த 399ஐ எடுக்க நீங்களே இடம் கொடுத்ததாகியிருக்கும். 'இது என் உடை, இது என் லைசன், இது வாகன வருமானப் பத்திரம், இது இன்சூரன்ஸ்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. வாக்குமூலம் கேட்டால் தமிழில் பதியச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் அதில்தான் விழுந்திருக்கிறார்கள். நாடகம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், காமன் கூத்தை விட்டுவிட்டு அருச்சுனன் பக்கம் போங்கள். விராடன் நாட்டில் பிருகன்னளையாகப் பெண்ணுடையில் இருந்துகொண்டு உத்தரனுக்குத் தேர் ஓட்டியவன் அவன். உங்கள் ஜாதியில் மூத்த சாரதி. மாசக் கணக்கும் கிடையாது.

படம்தான் எனக்கும் கவலை. ஒரு சாரதியைத் தன் சொந்தப் போனில் படம் எடுப்பது வாகனச் சோதனையில் சேர்ந்ததல்ல. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போயிருக்க வேண்டும், உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். முறைப்பாடு செய்கிறீர்களோ இல்லையோ, நாள், நேரம், இடம், என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் போனால் உங்களுக்கே குழம்பிவிடும்.

தோட்டத்துக்கு வருமா என்றால், வரலாம். ராத்திரி ரோட்டில் நடந்தது காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேரும் ஊர் நம்முடையது. எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று கொழும்பிலிருந்து சிலர் சொல்வார்கள். லயத்தில் குடியிருக்கிற ஆளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உங்கள் மனைவிக்குத் தெரியும், அது உங்களுக்குப் பெரிய பலம். அவரிடம் அந்த ராத்திரியைச் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். படம் வந்தால் அவர் அதை மடுவத்தில் வைத்துக் கேள்விப்படக் கூடாது. அப்புறம், தம்பியோ மச்சானோ, வாய் அடக்கமுள்ள ஒருத்தர் இருந்தால் அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

அந்தக் கொன்ஸ்டபிள் பையனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதம் வந்த நாளிலிருந்து அவன் நினைப்புத்தான். மாசி எது ஆடி எது என்று அவனுக்குத் தெரியும். சார்ஜன்ட்டிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் மேலதிகாரியிடம் நல்ல பெயர் கிடைத்திருக்கும். சொல்லாமல் லைசனைத் திருப்பிக் கொடுத்தான். உங்களை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறான், சேலையோடு நின்ற உங்களை. அவன் எந்தத் தோட்டத்தில், யார் ரதி கட்டப் பார்த்து வளர்ந்தானோ.

காரை எடுக்காமல் விட்டால் பற்றரி இறங்கிவிடும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையை ஹேண்ட்பிரேக்கில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பின் லைட்டைப் போட்டுவிடுங்கள். ஒரு பல்ப் என்ன விலை வந்துவிடப் போகிறது?

அன்புடன்.