வாசகர் கேள்வி: நாரி நோவோடு பந்து வீசலாமா?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 17 வயது. பாடசாலை அணியில் வேகப்பந்து வீசுகிறான். இரண்டு மாதமாக நாரி நோ. ஊசி போட்டுக்கொண்டு மார்ச் மாதம் பிக் மட்ச் விளையாடச் சொல்கிறாராம் பயிற்றுநர். அமெரிக்க பேஸ்போல் வீரர் சாண்டி கோஃபக்ஸும் வலியோடுதான் எறிந்து வென்றார் என்று யூடியூபில் பார்த்துவிட்டு மகன் வாதாடுகிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, மகன் பார்த்தது உண்மை, ஆனால் பாதிதான். மீதியை அவனோடு இருந்து வாசியுங்கள்.

கோஃபக்ஸ் 1955 இல், 19 வயதில், ப்ரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்கு ஆட வந்த இடதுகைக்காரர். அசுர வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. பேஸ்போலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை எறிபவர் பெயரிலும் எழுதுவார்கள். முதல் ஆறு ஆண்டில் அவர் பெயரில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961 இல் ஒரு பயிற்சி ஆட்டத்தில், பின்னால் இருந்து பந்து பிடிக்கும் நோர்ம் ஷெரி, இவ்வளவு பலம் போடாமல் எறியச் சொன்னார். கொஞ்சம் தளர்த்தினார், பந்து நினைத்த இடத்துக்குப் போனது. அந்த ஆண்டே 18 வெற்றி. 1963 இல் 25 வெற்றி, 5 தோல்விதான். 1965 செப்டம்பர் 9 இல் சிக்காகோ கப்ஸ் அணியினர் 27 தடவை அடிக்க வந்தார்கள். ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் முனைக்கு, போகவிடவில்லை. இந்த மனிதரைப் பற்றி என்னால் இரவிரவாகப் பேச முடியும்.

இனி வலிக்கு வருவோம். 1964 ஓகஸ்டில் பேஸுக்குத் திரும்பிப் பாய்ந்தபோது இடது முழங்கையில் அடிபட்டது. பிறகு அது மூட்டுவாதம் என்று மருத்துவர் சொன்னார். கோர்ட்டிசோன் ஊசி, மாத்திரை, ஆட்டத்துக்கு முன் எரியும் களிம்பு, ஆட்டம் முடிய ஐஸ் தண்ணீரில் கை. இப்படியே 1965 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வோடு வந்து, மினசோட்டாவை 2-0 என்று வென்றார். மகன் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டு 27 வெற்றி. அவர் எடுத்த வெற்றிகளில் அதுதான் கூடிய தொகை. அந்த நவம்பரிலேயே விலகிவிட்டார், வயது 30. கை நேராக நீளவில்லை. கோட்டின் இடது கையைத் தையல்காரர் குறைக்க வேண்டியிருந்தது. விளையாட்டுக்குப் பிறகும் வாழ நிறைய ஆண்டுகள் இருக்கின்றன, அதை முழு உடம்போடு வாழ வேண்டும் என்றுதான் காரணம் சொன்னார்.

அவர் வளர்ந்து முடிந்த ஆள். சம்பளத்துக்கு ஆடியவர், பக்கத்தில் அணியின் மருத்துவர் இருந்தார். உங்கள் பிள்ளையின் முள்ளந்தண்டு இன்னும் முதிரவில்லை. வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு நாரி நோ விடாமல் இருந்தால், எலும்பில் நுண்ணிய வெடிப்போ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முன்காலை ஊன்றி வீசும்போது உடம்பு வளைந்து முறுகுகிறது, நிலத்தின் அடி நேரே அங்கே ஏறுகிறது. வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் நோகிறதா என்று அவனிடம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வரும். எண்ணெய் போட்டு உருவினாலும் ஊசி அடித்தாலும் வெடிப்பு பொருந்தாது, நோ மட்டும்தான் மறையும். ஆரம்ப வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் எலும்பு மருத்துவரிடம் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். வெடிப்பு என்றால் மாதக்கணக்கில் ஓய்வுதான், பிக் மட்ச் இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் திரும்பவும் வீசலாம் அம்மா, பயப்பட வேண்டாம்.

அப்புறம், பயிற்றுநரிடம் நீங்களோ தகப்பனோ நேரில் போங்கள். 17 வயதுப் பிள்ளை “ஏலாது சேர்” என்று சொல்லமாட்டான்.

கேள்வி: பேஸ்போலில் ஓடி வராமலே எப்படி அவ்வளவு வேகம் வருகிறது?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி 15 பாகைக்கு மேல் நீட்டக்கூடாது. பேஸ்போலில் அந்தத் தடையே இல்லை. மேட்டில் நின்று காலைத் தூக்கி முன்னுக்கு இறங்க, இடுப்பு முதலில் திரும்பும், பிறகு தோள், கடைசியில் கை. துடுப்பாளர் நிற்கும் தூரமும் 18.44 மீற்றர்தான். கோஃபக்ஸ் காலத்தில் அந்த மேடு 15 அங்குல உயரம். துடுப்பாளர்களால் ஓட்டம் எடுக்க முடியாமல் போனதால் 1969 இல் 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.