78 வயதில் கதாநாயகி: ஜோன் ஹிக்சன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளை வைத்து பிபிசி எடுத்த ‘மிஸ் மார்ப்பிள்’ தொடரை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மார்ப்பிளாக வரும் ஜோன் ஹிக்சன் அதற்கு முன்பு நடித்திருக்கிறாரா?

பதில்: 57 வருடம் நடித்திருக்கிறார். 1906 ஆகஸ்ட் 5 அன்று நார்தாம்ப்டன் பக்கம் கிங்ஸ்தார்ப்பில் பிறந்தவர். லண்டனில் ராடா என்ற நாடகக் கல்லூரியில் படித்து, 1927இல் மேடையேறினார். 1934இல் சினிமாவுக்கு வந்தார். வந்து சில நிமிடம் நின்றுவிட்டுப் போகும் வேடங்கள்தான் அதிகம். ‘கேரி ஆன் நர்ஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தில் வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ். அடுத்த வருடமே ‘கேரி ஆன் கான்ஸ்டபிள்’ படத்தில் லாக்கப்பில் கிடக்கும் குடிகாரப் பெண்மணி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், குணச்சித்திர நடிப்பு என்றால் என்ன என்று புரியும். 1981இல் பிபிசியின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ தொடரில் மிஸ் ஹாவிஷாம் என்ற பாத்திரமும் இவர்தான்.

கேள்வி: அகதா கிறிஸ்டியே இவரைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்களே?

பதில்: தேர்ந்தெடுக்கவில்லை, ஆசைப்பட்டார். 1945இல் கிறிஸ்டியின் ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாடகத்தில் ஹிக்சன் நடித்தார். அதைப் பார்த்த கிறிஸ்டி, ஒருநாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அப்போது ஹிக்சனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தொடர் வந்த 1984இல் கிறிஸ்டி காலமாகி 8 வருடம் ஆகியிருந்தது. நடுவே 1961இல் மார்கரெட் ரதர்ஃபோர்டு மார்ப்பிளாக நடித்த ‘மர்டர் ஷி செட்’ படத்தில் ஹிக்சனுக்குக் கிடைத்தது வேலைக்காரம்மா வேடம்!

கேள்வி: எந்த வரிசையில் பார்க்கலாம் மேடம்?

பதில்: 12 நாவல்கள், ஒவ்வொன்றும் ஒரு கதையாக. 1984 டிசம்பர் 26இல் தொடங்கிய ‘தி பாடி இன் தி லைப்ரரி’ முதல், 1992 டிசம்பர் 27இல் வந்த ‘தி மிரர் கிராக்டு’ வரை. ஒளிபரப்பான வரிசையிலேயே போகலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. ‘நெமிசிஸ்’ கதையில், இறந்துபோன ரஃபியேல் என்ற பணக்காரர் மார்ப்பிளிடம் ஒரு வழக்கை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ‘எ கரீபியன் மிஸ்டரி’யில். பிபிசி முன்னதை 1987இலும் பின்னதை 1989இலும் ஒளிபரப்பியது. அதனால் ‘கரீபியன்’ முதலில், ‘நெமிசிஸ்’ அடுத்து. ரஃபியேலாக இரண்டிலும் வேறு வேறு நடிகர்கள் என்பதால் குழம்ப வேண்டாம்.

முகங்கள் அகலமாகத் தெரிந்தால் டிவி படத்தை இழுக்கிறது என்று அர்த்தம், பழைய டிவியின் 4:3 அளவுக்கு மாற்றுங்கள். மேலும் கீழும் வெட்டி அகலத்திரையாக்கிய பிரதி வேண்டவே வேண்டாம். மார்ப்பிளின் மடியில் இருக்கும் பின்னல் வேலை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

கேள்வி: நான் நாடகக் குழுவில் வயதான வேடங்கள் செய்கிறேன். இவரிடம் எதைக் கவனிக்கலாம்?

பதில்: செய்யாமல் விடுவதை. ரதர்ஃபோர்டின் மார்ப்பிள் குதிரை ஏறுவார், வாள்சண்டை போடுவார். அது தனி ருசி. ஹிக்சன் உட்கார்ந்திருப்பார். ஒலியை நிறுத்திவிட்டு, அவர் பேசாத ஒரு காட்சியைப் பாருங்கள். தலை அசையாது, அந்த வெளிர்நீலக் கண்கள் மட்டும் பேசுகிறவரிடம் போய் நிற்கும். குரலை உயர்த்த மாட்டார். முதுமையைக் காட்டக் கை நடுங்குவது, கூன் போடுவது எதுவும் கிடையாது. நம் மேடைகளில் பலர் சறுக்குவது இங்கேதான்: வயதை நடிக்கப் போய்ப் பாத்திரத்தின் மூளையை விட்டுவிடுகிறார்கள். மார்ப்பிள் ஓயாமல் யோசிக்கும் பெண்மணி. யோசிக்கிறவர்கள் வீணாக அசைவதில்லை.

கேள்வி: விருதுகள்?

பதில்: ‘பெட்ரூம் ஃபார்ஸ்’ நாடகத்துக்கு 1979இல் அமெரிக்க நாடக விருதான டோனி. 1987இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம். மார்ப்பிளுக்காக பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டாவுக்கு இரண்டு முறை பரிந்துரை, கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்து போகிறேன். இவர் தொடர்பான இடங்கள்?

பதில்: தொடரில் மார்ப்பிளின் ஊரான செயின்ட் மேரி மீட் ஆக வருவது ஹாம்ப்ஷயரில் உள்ள நெதர் வாலப் கிராமம். ஹிக்சன் வாழ்ந்தது எசெக்ஸில், வைவன்ஹோ என்ற ஊரில். 1998 அக்டோபர் 17 அன்று, 92 வயதில் காலமானார். கல்லறை டெவனில், சிட்பரியில் இருக்கிறது. அங்கே ஹிக்சன் என்று தேடாதீர்கள். கணவர் வழிப் பெயரில், ஜோன் போகில் பட்லர் என்றுதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.