பதில்: விதை போட்டு வளர்த்த எட்டுப் பப்பாளியில் ஐந்து ஆண், தலையை வெட்டினால் பெண்ணாகுமா?

ஆகாது நண்பரே. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாதிரி தண்டில் ஆணி அடித்தாலும் ஆகாது, அழுகல்தான் வரும். பப்பாளி ஆணா பெண்ணா என்பது விதையிலேயே முடிவான விஷயம். நம்மைப் போலவே அதற்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம் உண்டு. இரண்டு எக்ஸ் இருந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் இருந்தால் ஆண், ஆனால் அந்த ஒய்யிலேயே சற்று மாறுபட்ட இன்னொரு வகை இருக்கிறது, அது வந்தால் ஒரே பூவில் இரண்டும் உள்ள இருபால் மரம், கடையில் விற்கும் நீளக் காய் பெரும்பாலும் அதில் காய்ப்பதுதான். எந்த ஒய்யானாலும் இரண்டு சேர்ந்துவிட்டால் கரு பிழைக்காது.

ஆண் மகரந்தத்தால் பெண் மரத்தில் காய்த்த பழத்தின் விதை பாதிக்குப் பாதி ஆண், அதனால் எட்டில் ஐந்து வந்ததில் ஆச்சரியமே இல்லை. இருபால் மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்திருந்தால் இரண்டு இருபாலுக்கு ஒரு பெண் என்று வரும், ஆணே வராது.

வெயில், குளிரால் சில ஆண் மரம் எப்போதாவது காய் பிடிக்கும், அதைப் பார்த்துத்தான் இந்த ஆணி வைத்தியமெல்லாம் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீள் காம்பில் கொத்தாகப் பூ தொங்கும் அந்த ஐந்து ஆண் மரங்களில் ஒன்றை மட்டும் மகரந்தத்துக்கு விட்டு மற்ற நான்கையும் வெட்டிவிடுங்கள். அடுத்த முறை கோ 7 மாதிரி ஆண் வராத ரகமாக வாங்கி, குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூத்தபின் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.