ரோகு சீக்கிரம் செத்துவிடுகிறது, விரால் மட்டும் சந்தைத் தட்டில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கிறதே, எப்படி?

விரால் காற்றை நேராகவே சுவாசிக்கும், ரோகுவால் முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: மேலே வந்து காற்று குடிக்க விடாமல் தடுத்துவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இது எனக்குப் பத்து வயதில் தெரிந்தது. அப்போது நாங்கள் ரங்கூனுக்கு அக்கரையில் சிரியத்தில் இருந்தோம். மறுநாள் மொகிங்காவுக்கு (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) ஙாகூ (ஒரு வகைக் கெளுத்தி) கிடைக்கவில்லை என்று அப்பா உயிரோடு இரண்டு விரால் (பர்மிய மொழியில் ஙாயான்) வாங்கிவந்தார். பாவம், தண்ணீர் போதாதே என்று நான் வாளியை விளிம்புவரை நிரப்பி, துள்ளி வெளியே விழாமல் இருக்கத் தட்டால் மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டேன். காலையில் இரண்டும் வயிறு மேலே தெரிய மிதந்தன. அப்பா திட்டவில்லை, "ஒரு சாண் எடம் விட்டிருக்கணும்ப்பா, அது எங்க போயி மூச்சு விடும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தலைமுடி தண்ணீருக்குள் தனித்தனியாக விரிந்து மிதக்கும், வெளியே வந்ததும் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, செவுளும் அப்படித்தான். அதன் மெல்லிய இதழ்கள் தண்ணீரில் பிரிந்து நின்றால்தான் ரத்தம் ஆக்சிஜனை இழுக்க முடியும். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடும், அதனால் 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்றுக்கு நடுவிலேயே ரோகு மூச்சுத் திணறிச் சாகிறது.

விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், ரத்தக்குழாய்கள் நிறைந்த ஓர் அறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். ஙாகூவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அடுத்த முறை கழுவும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், சிவப்பாக, சின்னப் பவளச்செடி மாதிரி கிளை கிளையாக ஒன்று இருக்கும், அதுதான் அதன் நுரையீரல் மாதிரி. பனையேறிக் கெண்டைக்கு மடிப்பு மடிப்பான எலும்புத் தகட்டின்மேல் மெல்லிய தோல். முதல் மழைக்கு வயல் வரப்பில் செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஊன்றி நகர்ந்து போகுமே, அதே மீன்தான். 1791ல் நம் தரங்கம்பாடியில் தண்ணீருக்கு மேலே 5 அடி உயரத்தில் பனைமரத்தில் இதைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதிவைத்தார்.

ஆனால் இந்த மீன்களும் கார்பன் டை ஆக்சைடைப் பெரும்பாலும் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரில்தான் விடுகின்றன, அதனால் ஈரம் காய்ந்தால் அவற்றுக்கும் ஆபத்துதான்.

அப்புறம், திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் புண்ணியத்துக்கு மீன் வாங்கி ஆற்றில் விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விராலையோ ஙாகூவையோ கொண்டுபோனால் பாத்திரத்தை நிரப்பாதீர்கள், பாதித் தண்ணீர் போதும், மேலே வலை கட்டுங்கள். அது அடிக்கடி மேலே வந்து வாய் திறந்தால் பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. ரோகு அப்படி மேலே வந்து வாய் பிளந்தால் கதையே வேறு. 25 டிகிரியில்கூட ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், சித்திரை வெயிலில் சூடேறச் சூடேற அதுவும் குறையும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை மாற்றுங்கள், ஒரு பாத்திரத்தில் இருபது மீனை அடைத்திருந்தால் பாதியை வேறொன்றுக்கு மாற்றுங்கள்.