வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க யாரை நம்புவது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் 28 வருடம் பெயிண்ட் வேலைகளை எடுத்துச் செய்தவன் நான். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

வண்ணார்பேட்டை: மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 4 ரூபாய் குறைத்துச் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா அண்ணாச்சி?

ரேட் கிடக்கட்டும் தம்பி. வந்தவர்கள் உங்கள் சுவரை என்ன செய்தார்கள்? வாசலில் நின்றே தொகை சொன்னவரை விட்டுவிடுங்கள். வேலை தெரிந்தவர் உள்ளங்கையால் சுவரைத் தேய்ப்பார். கையில் மாவு ஒட்டினால் பழைய பெயிண்டுக்குப் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் தகட்டின் முனையால் ஒரு மூலையைச் சுரண்டுவார். நீங்கள் கூப்பிடாமலே குளியலறையின் பின்பக்கச் சுவருக்கும் மொட்டைமாடிக்கும் போவார். ஓதம் ஏறுவது அங்கேதான்.

அந்த 4 ரூபாய் எதில் குறைகிறது என்று எழுதி வாங்குங்கள். சுரண்டுவது உண்டா, சுவரைச் சமமாக்கும் பட்டி எத்தனை கை (எத்தனை தடவை), பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் உண்டா, பெயிண்ட் எந்த ரகம், எத்தனை கை. சதுர அடி என்பது சுவர்க் கணக்கா, தரைக் கணக்கா? கதவு, ஜன்னலைக் கழிப்பார்களா? பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அவர் வேலை செய்து இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் அடித்த வீடு யார் அடித்தாலும் பளபளவென்றுதான் இருக்கும்.

தச்சநல்லூர்: எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது?

இதைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

மீனாட்சிபுரம்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடு. இரண்டு தடவை அடித்தும் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து உதிர்கிறது. பெயிண்டர் ஏமாற்றிவிட்டாரா?

சுவரில் இறங்கிய தண்ணீர் உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். மேலே வைத்த பட்டியை அதுதான் தள்ளுகிறது. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள் அக்கா. கழுவினால் திரும்ப உள்ளே இறங்கிவிடும். கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, பங்குனி, சித்திரை வெயிலில் சுவரைக் காய விடுங்கள். ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சு பூசினால் அதற்கும் 28 நாளாவது விட வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் 'ஒரு கை அடிச்சா சரியாயிரும்' என்று வேலையை எடுத்தது அவர் தப்புதான்.

பேட்டை: டப்பாவுக்குள் இருக்கும், கொடுத்தால் பணம் கிடைக்கும் டோக்கனை பெயிண்டர் எடுத்துக்கொள்கிறார். என் காசில் வாங்கிய டப்பா. இது திருட்டு இல்லையா?

இல்லை. அது பெயிண்டருக்கென்றே கம்பெனி வைப்பது.

மறுபடியும் பேட்டை: அப்படியென்றால் டோக்கனுக்காகவே கூடுதல் டப்பா வாங்க வைப்பார்களே?

நியாயமான பயம். சுவரை அளந்து, ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவில் போட்டிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். ஒரு டப்பா கூடிப்போனால் காரணம் கேளுங்கள். எடுத்த எடுப்பில் திருடன் என்று சொல்லாதீர்கள்.

அம்பாசமுத்திரம், பெயிண்டர்: அண்ணாச்சி, 20 வருசமா சாரத்துல நிக்கேன். கயிறு அறுந்தா என் பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? ஒரு டோக்கனுக்குப் போயி இப்படிப் பேசுதாங்களே!

உங்கள் வருத்தம் எனக்குப் புரியும் தம்பி, நானும் சாரத்தில் நின்றவன்தான். ஆனால் அளவுக்கு மேல் தண்ணீர் கலக்கிறவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சந்தேகப்படுவது அவர்களால்தான். அவர் கண் முன்னால் டப்பாவின் சீலை உடையுங்கள், தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், டோக்கனை அவரிடம் காட்டிவிட்டே எடுங்கள். பேட்டைக்காரரே, நீங்களும் வெயிலில் நிற்கிற ஆளுக்கு மோர் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.

கே.டி.சி. நகர்: சதுர அடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்று நாலு பேரிடமிருந்து வந்துவிட்டது.

களக்காடு: முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறார்.

கொடுக்கவே கொடுக்காதீர்கள். சாரத்துக்கும் முதல் வாரக் கூலிக்கும் முன்பணம், பட்டி முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு பகல் வெளிச்சத்தில் எல்லாச் சுவரையும் பார்த்த பிறகு. இரண்டு மழை தாண்டிய வீட்டைப் பார்த்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி: 40 வருடத்துப் பழைய கதவு. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறார்களாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எனாமலில் ஈயம் இருந்தால் அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் இருக்கிறது, அதைக் கேளுங்கள். தேய்க்கிறவர் நல்ல மாஸ்க் போடட்டும், தரையை ஈரத்துணியால் துடைக்கட்டும். வேலை முடிகிறவரை குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும்.