வேல்ஸும் மொன்மத்ஷயரும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

மொன்மத்ஷயர் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கவுண்டி, அதாவது மாவட்டம், என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். தாத்தா வைத்திருந்த பழைய தேசப்படப் புத்தகத்தில் ‘வேல்ஸும் மொன்மத்ஷயரும்’ என்றே தலைப்பு இருக்கிறது. உள்ளே இருப்பதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? ட்ரெடேகர் என்ற ஊர் அந்தப் படத்தில் இந்தக் கவுண்டிக்குள் இருக்கிறது. இன்றைய படத்தில் வெளியே இருக்கிறது. எது சரி?

ம.

அன்புள்ள ம.,

இரண்டு படங்களும் அந்தந்தக் காலத்துக்குச் சரியானவைதாம். ஆனால் அந்த ‘உம்’ எனக்கு எப்போதும் உறுத்துவது.

எல்லைப்புறப் பிரபுக்களின் நிலங்களைச் சேர்த்து இந்தக் கவுண்டியை உருவாக்கியது இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்து 1535ஆம் ஆண்டுச் சட்டம். அடுத்து 1542ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸுக்கெனத் தனி நீதிமன்றங்களை அமைத்தது. நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று விசாரிக்க நான்கு சுற்றுகள், சுற்றுக்கு மூன்று கவுண்டிகள். பன்னிரண்டோடு கணக்கு முடிந்தது. பதின்மூன்றாவதாக நின்ற மொன்மத்ஷயர் பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு சுற்றில் சேர்க்கப்பட்டது. நீதிபதி எந்த வழியாக வந்து போனார் என்பதைக் கொண்டு ஒரு மண்ணின் நாட்டையே சந்தேகித்தார்கள்! அந்த நீதிமன்றங்கள் 1830இல் கலைக்கப்பட்ட பிறகும் சந்தேகம் கலையவில்லை.

அதன் விளைவு அன்றாட வாழ்விலும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ஸின் மதுக்கடைகளை மூடச் சொன்ன 1881ஆம் ஆண்டுச் சட்டம் மொன்மத்ஷயரைத் தொடவில்லை. ரம்னி ஆற்றின் மேற்கே, பக்கத்துக் கவுண்டியான கிளமோர்கனில் கடை பூட்டியிருக்கும். ஆற்றைக் கடந்தால் திறந்திருக்கும். 1921இல்தான் இது மாறியது. கவுண்டி வேல்ஸுக்குள்தான் என்பதை ஐயமறச் சொன்னது 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்.

அச்சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பெயரும் போனது, ‘குவென்ட்’ வந்தது. 1996இல் குவென்ட்டின் நிர்வாகத்தையும் பிரித்தார்கள். மொன்மத்ஷயர் என்ற பெயர் திரும்பியது, ஆனால் கிழக்குப் பகுதிக்கு மட்டும். அபர்கவென்னி, மொன்மத், அஸ்க், செப்ஸ்டோ ஆகியவை அங்கே இருக்கின்றன. கவுன்சில் அஸ்க்கில் கூடுகிறது. வயலும் மேய்ச்சல் நிலமுமான நாடு அது. அபர்கவென்னி என்றால் கவென்னி ஆறு கூடும் இடம். நம் சொல்லில் கூடுதுறை. மொன்மத்தும் அப்படியே, மொன்னோ ஆறு வை ஆற்றில் சேரும் இடம். தெற்கே அந்த வை ஆறுதான் இங்கிலாந்துடனான எல்லை. செப்ஸ்டோவில் 1816இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தின் நடுவில் நாடு மாறிவிடும்.

நிலக்கரியும் இரும்பும் தந்த மேற்குப் பள்ளத்தாக்குகள் பெயரை இழந்தன. ட்ரெடேகர் இப்போது பிளைனாய் குவென்ட் கவுண்டியில் இருக்கிறது. பிரிட்டனுக்கு 1948இல் தேசிய மருத்துவச் சேவையைத் தந்த அனைரின் பெவன் பிறந்த ஊர் அது. சுரங்கத்தில் உழைத்தவர்களின் ஊர்களை விட்டுவிட்டுப் பழைய பெயரை வயல்களுக்கு மட்டும் கொடுத்தது எனக்கு வருத்தமே. இன்று மொன்மத்ஷயர், பிளைனாய் குவென்ட், நியூபோர்ட், டோர்வைன், கேர்ஃபில்லி என்ற ஐந்து நிர்வாகப் பகுதிகளுக்கும் பொதுவான மருத்துவ வாரியம் பெவனின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

தாத்தாவின் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ட்ரெடேகரும் செப்ஸ்டோவும் ஒரே நிறத்தில் இருக்கும் படத்தை இன்று கடையில் வாங்குவது எளிதல்ல.

அன்புடன்.